கொள்ளிடம் ‘கெ ாள்ளிடம்’ ஆனால்: பிரவுசரில் தமிழ் உடையும்போது பார்க்க வேண்டியவை

கும்பகோணத்தில் ஒரு கடைக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிற பக்கம், வாடிக்கையாளரின் போனில் தெளிவாகத் தெரிகிறது. அதே பக்கத்தை மயிலாடுதுறையில் இன்னொருவர் திறந்தால் எழுத்தெல்லாம் இருக்கிறது, கொம்பு மட்டும் தனியாக நிற்கிறது. உடனே “சைட்டே சரியில்லை” என்பார் ஒருவர், “பிரவுசரை மாத்திப் பாருங்க” என்பார் அடுத்தவர். இரண்டுமே அவசரம். தமிழ் எந்த விதத்தில் உடைந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மாற்றி வைத்தியம் பார்த்தால், திரையில் மட்டும் கெட்டிருந்த தமிழ் தரவிலேயே கெட்டுப்போகும். எனவே எதையும் ‘சேவ்’ கொடுப்பதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்கும், ஊர்க்கோயில், பள்ளி, உழவர் குழு ஆகியவற்றின் தளத்தைப் பராமரிப்பவர்களுக்கும் இது உதவும். நிரல் சொற்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை வரி

கீழே உள்ள வரியை வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியானாலும் முதலில் இதைப் பிரவுசரின் முகவரிப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

கொள்ளிடம் கீழ்வேளூர் திருப்பூந்துருத்தி திருவையாறு கௌதமேஸ்வரர் ஸ்ரீவாஞ்சியம் தக்ஷிணாமூர்த்தி ₹

கொள்ளிடத்தின் ‘கொ’ கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் சரியாக உட்கார்கின்றனவா என்று காட்டும். கீழ்வேளூரில் ‘கீ’ மேலே வளையும், ‘ளூ’ கீழே இறங்கும். தலை, கால் வெட்டுப்படுவதைப் பிடிக்க இதைவிட நல்ல சொல் கிடையாது. திருப்பூந்துருத்தியில் பூ, து, ரு மூன்றும் கீழே நீள்கின்றன. கௌதமேஸ்வரரில் ஔகாரக் குறி, ஸ்ரீவாஞ்சியம், தக்ஷிணாமூர்த்தி இரண்டிலும் கூட்டெழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொது எண் தரும் யூனிகோடில் ரூபாய்க் குறி சேர்ந்தது 2010-இல். பழைய ஃபான்டுகளில் அது இருக்காது.

முகவரிப் பெட்டியிலேயே உடைந்தால் கோளாறு கணினியில். அங்கே சரியாக இருந்தால், அதே பிரவுசரில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். அதுவும் சரி, உங்கள் பக்கம் மட்டும் உடைகிறது என்றால் கோளாறு பக்கத்தில். பிறகுதான் பிரவுசர்களை ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு கவனம்: குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாம் உள்ளே ஒரே இயந்திரம். குரோமில் உடைந்ததை எட்ஜில் பார்ப்பது சோதனையே ஆகாது. குரோம் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸ் ஒன்று, முடிந்தால் ஐபோனில் சஃபாரி ஒன்று, இந்த மூன்றில் பாருங்கள். நம் ஊரில் விற்கிற ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால்

எழுத்து சரியாகத்தான் வந்திருக்கிறது. அதை வரைய ஃபான்ட் இல்லை. இந்த வகைக் கோளாறுகளில் மனம் தளர வேண்டாதது இதுதான், தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விண்டோஸ் 8 முதல் ‘நிர்மலா யூஐ’ கூடவே வருகிறது. விண்டோஸ் 7-இல் ‘லதா’, ‘விஜயா’ இருக்கும். எக்ஸ்பி இன்னும் ஓடுகிற கணினியில், கண்ட்ரோல் பேனல் → ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் → லாங்குவேஜஸ் பகுதியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ கோப்புகளை நிறுவ டிக் போட வேண்டும். அதற்கு எக்ஸ்பி குறுந்தகடு கேட்கும். விண்டோஸ் 10-இல் வேறொரு சிக்கல்: லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. பழைய தளம் ஒன்று ‘லதா’வைப் பெயர் சொல்லிக் கேட்டால் பிரவுசர் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். அதே தோற்றம் வேண்டுமென்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்க்க வேண்டும். உபுண்டு, டெபியன் கணினிகளில் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் ஃபான்ட் தொகுப்பை நிறுவிவிட்டு, பிரவுசரை முழுதாக மூடித் திறக்க வேண்டும். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் மட்டும் போதாது.

பழைய கணினியில் பிரவுசரின் வயதையும் பாருங்கள். எக்ஸ்பிக்கு வந்த கடைசி குரோம் 49; விண்டோஸ் 7-க்கு 109. அதற்கு மேல் போகாது.

டெல்டாவுக்கே உரிய ஒரு கட்டம் உண்டு. பழைய பத்திரங்களையும் கோயில் நிலக் கணக்குகளையும் தட்டச்சு செய்து ஏற்றுபவர்கள் மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளைப் பயன்படுத்துகிறார்கள். 20 மா ஒரு வேலி என்று அளந்த மண்ணில் அது தேவைதான். இந்தக் குறிகள் யூனிகோடில் சேர்ந்தது 2019-இல், 12-ஆம் பதிப்பில், ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்ற தனிப் பகுதியில். வழக்கமான தமிழ் ஃபான்டில் இவை இல்லை. ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ என்ற தனி ஃபான்டைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். இவை ஒவ்வொன்றும் 4 பைட் என்பதால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய ‘யூடிஎஃப்8’ வகை அட்டவணை இவற்றை ஏற்காது. அந்த வகை 3 பைட் வரைதான் தாங்கும். ‘யூடிஎஃப்8எம்பி4’க்கு மாற்றிய பிறகு ஏற்றுங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று திரும்பத் திரும்ப வந்தால்

இந்தக் கிறுக்கலைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம். யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வழக்கமான தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், ஆக 15 பைட். இதை யூடிஎஃப்-8 என்று தெரியாமல் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமான விண்டோஸ்-1252 என்று பிரவுசர் வாசித்தால், 224 சாய்கோடு போட்ட ஏ ஆகிறது, 174 வட்ட ஆர் ஆகிறது. அதனால்தான் அந்த ஜோடி வரிக்கு வரி வந்துகொண்டே இருக்கிறது.

தரவு நலமாக இருக்கிறது, வாசிப்புத்தான் தவறு. வாசகராக இருந்தால் ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட் விசையைத் தட்டி, வியூ மெனுவில் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ கொடுங்கள். மேக் கணினி சஃபாரியில் வியூ → டெக்ஸ்ட் என்கோடிங். குரோமில் இந்த மெனுவை எடுத்துவிட்டார்கள். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தளம் உங்களுடையது என்றால் மூன்று இடங்களை இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலாவது சர்வர். எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியில் பக்கத்தின் பெயரைச் சொடுக்கி, ரெஸ்பான்ஸ் ஹெடர்ஸில் ‘கன்டென்ட்-டைப்’ வரியைப் படியுங்கள். அங்கே ‘ஐஎஸ்ஓ-8859-1’ என்று இருந்தால் பக்கத்துக்குள் நீங்கள் என்ன எழுதினாலும் பயனில்லை. சர்வர் சொல்வதுதான் செல்லும். அப்பாச்சி சர்வர் என்றால் ‘ஆட்-டிஃபால்ட்-சார்செட்’ வரியை யூடிஎஃப்-8 ஆக்குங்கள்.

இரண்டாவது, பக்கத்தின் தலைப்பகுதியில் குறியேற்றத்தை அறிவிக்கும் ‘மெட்டா சார்செட்’ வரி. அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் முழுதாக வந்துவிட வேண்டும். விளம்பர நிரலையும் நீளமான குறிப்புகளையும் அதற்கு மேலே ஏற்றி வைத்தால் அது கீழே தள்ளப்படும். ஹெட் திறந்த அடுத்த வரியிலேயே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது கோப்பு சேமிக்கப்பட்ட விதம். நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, கீழே என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள்.

“என் கணினியில் கோப்பைத் திறந்தால் நன்றாகத் தெரிகிறது, சர்வரில் ஏற்றினால் உடைகிறது” என்று பலர் தவிப்பார்கள். காரணம் எளிது. கணினியில் இருக்கும் கோப்பு என்றால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் யூடிஎஃப்-8தானா என்று தாங்களே ஊகித்துக்கொள்கின்றன. இணையத்திலிருந்து வரும் பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, நீங்கள் அறிவித்தே ஆக வேண்டும்.

மைஎஸ்கியூஎல்-இல் இருந்து வரும் பகுதி மட்டும் கிறுக்கலாக இருந்தால், ‘லத்தீன்1’ என்று அறிவித்த அட்டவணைக்குள் யூடிஎஃப்-8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கும். 8.0 பதிப்புக்கு முன் லத்தீன்1தான் இயல்பு என்பதால் பழைய தளங்களில் இது சர்வசாதாரணம். நேராக யூடிஎஃப்8எம்பி4-க்கு ‘கன்வெர்ட்’ கொடுத்துவிடாதீர்கள், கிறுக்கல் நிரந்தரமாகிவிடும். முதலில் முழு பேக்கப். பிறகு அந்த நெடுவரிசையை ‘பிளாப்’ வகைக்கு மாற்றுங்கள். பிளாப் ஆனதும் அது வெறும் பைட், யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள். அதன்பின் யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் வகைக்கு மாற்றுங்கள். தமிழ் அப்படியே எழுந்து வரும்.

வெறும் கேள்விக்குறிகள் வந்தால்

கிறுக்கலையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘?????’ என்று வந்தால் தமிழைத் தாங்காத ஏதோ ஓர் இடத்தில் எழுத்து போய்விட்டது. அதன் இடத்தில் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பிரவுசரிலும் அதை மீட்க முடியாது. மூலக் கோப்புக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் எக்செல் வழியாக நடக்கிறது. நெல் கொள்முதலுக்கோ பயிர்க் காப்பீட்டுக்கோ விவசாயிகள் பட்டியலைத் தமிழில் தயாரித்து, சாதாரண ‘சிஎஸ்வி’ ஆகச் சேமித்து, தளத்தில் ஏற்றுகிறார்கள். அந்தச் சேமிப்பிலேயே பெயர்களெல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டன. ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். தளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வியை எக்செல்லில் திறக்கும்போதும் இரட்டைச் சொடுக்கு வேண்டாம். டேட்டா → ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போய், ஃபைல் ஆரிஜின் இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 கொடுத்துத் திறங்கள். முந்நூறு பெயரைத் திரும்பத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி (�) என்றால் அது வேறு. யூடிஎஃப்-8 என்று நம்பி வாசித்த பிரவுசருக்கு நடுவில் பொருந்தாத பைட் ஒன்று கிடைத்திருக்கிறது. பத்தி முழுவதும் வைரம் என்றால் கோப்பு பழைய குறியேற்றத்தில் இருக்கிறது. வரியின் கடைசியில் ஒன்றே ஒன்று என்றால், செய்திச் சுருக்கத்தை பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள்: இடைவெளி இல்லாத தமிழை 100 பைட்டில் வெட்டினால் 33 குறியீடுகள் 99 பைட், மிச்சம் ஒரு பைட் அநாதையாக நிற்கும். பிஎச்பியில் ‘சப்ஸ்டர்’ செய்கிற வேலை இது. ‘எம்பி_சப்ஸ்டர்’ போட்டால் வைரம் போய்விடும், ஆனால் ‘கொள்’ளில் புள்ளியை விட்டுவிட்டு ‘கொள’ என்று வெட்டும் ஆபத்து இருக்கிறது. முழு எழுத்தாக வெட்டுவது ‘கிராஃபீம்_சப்ஸ்டர்’. இன்ட்ல் நீட்சியை இயக்கினால் கிடைக்கும். தமிழுக்கு அதுதான் சரி.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால்

ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இப்படி ஒரு சொல் கண்ணில் பட்டால் அது ‘தமிழ்’. பாமினி ஃபான்டில் அடித்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை ஒட்டிவைத்த பழைய முறை. அந்த ஃபான்ட் இருக்கும் கணினியில் தமிழ், இல்லாத கணினியில் ஆங்கிலக் குவியல். பாமினி, வானவில், டிஸ்கி, 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் என்று யூனிகோடு அல்லாத பழைய குறியேற்றங்களின் குடும்பம் பெரிது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது. அதற்கு முன் டிடிபி கடைகளில் அடித்த கோயில் தலவரலாறு, சபா மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை எல்லாம் பெரும்பாலும் இந்தக் குறியேற்றங்களில்தான் கிடக்கின்றன. கடையில் பழைய ஹார்ட்டிஸ்க் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருப்பது படிக்க முடியாத குப்பை மாதிரித் தெரிந்தாலும் முழுமையான தமிழ்.

சில தளங்கள் பழைய ஃபான்டையே பக்கத்தோடு அனுப்பிச் சமாளித்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ‘ஈஓடி’ வகைக் கோப்பு அது; வேறெந்தப் பிரவுசரும் அதை வாசிக்காது. அந்தப் பழைய ஃபான்டை டிடிஎஃப் கோப்பாக அனுப்பினாலும் எல்லா நேரமும் நடக்காது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஃபான்ட் கோப்பைச் சலித்துப் பார்த்து, உள்கட்டமைப்பு பழுதாக இருந்தால் தள்ளிவிடுகின்றன. எஃப்12 கன்சோலில் ‘ஓடிஎஸ் பார்சிங் எரர்’ என்ற செய்தி வந்தால் காரணம் அதுதான்.

நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் மாற்றி போன்றவை போதும். முழுக் கோப்பையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள்; ஒரு பத்தியை எடுத்து எந்தக் குறியேற்றத்தில் சரியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு இவற்றைக் கண்ணால் சரிபாருங்கள்:

– கிரந்த எழுத்துகள். ஜ, ஷ, ஸ, ஹ ஃபான்டுக்கு ஃபான்ட் வேறு இடத்தில் இருக்கும்.
– மின்னஞ்சல், இணைய முகவரிகள். அவையும் தமிழாக மாறிக் குழம்பியிருக்கும். மூலத்திலிருந்து தனியாக எடுத்து ஒட்டுங்கள்.
– வாக்கியத்தின் முதல் எழுத்து. பாமினியில் சின்ன எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. வேர்டு மென்பொருள் வாக்கியத் தொடக்கத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும். ‘அம்மா’ ‘ஆம்மா’ ஆகியிருக்கும். மாற்றி அதைக் கண்டுபிடிக்காது, மனிதர்தான் படிக்க வேண்டும்.

தலைகீழாகவும் நடப்பதுண்டு: ஆங்கிலப் பக்கமெல்லாம் தமிழ்க் கிறுக்கலாகத் தெரியும். டிடிபி வேலை நடக்கும் கணினியில், யாரோ பிரவுசரின் இயல்பு ஃபான்டாகப் பாமினியை வைத்துவிட்டார்கள். குரோமில் செட்டிங்ஸ் → அப்பியரன்ஸ் → கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ் போய் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஏரியலுக்கும் திருப்பி வையுங்கள்.

கொம்பும் காலும் பிரிந்து, புள்ளி வட்டம் தெரிந்தால்

உயிர்மெய்க் குறி தனக்கு முன் ஒரு மெய் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. இல்லாவிட்டால் பிரவுசர் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றை வரைந்து அதன்மேல் குறியை மாட்டுகிறது. அந்த வட்டம் “இங்கே ஒரு எழுத்து குறைகிறது” என்று சொல்கிற நல்ல அடையாளம்.

எல்லாப் பிரவுசரிலும் ஒரே இடத்தில் வட்டம் வந்தால் தட்டச்சில்தான் பிழை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய கை முதலில் ஒற்றைக்கொம்பை அடிக்கும், பிறகு க, பிறகு துணைக்கால். தாளில் அது சரி. யூனிகோடில் சேமிப்பு வரிசை உச்சரிப்பு வரிசை: முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பை முன்னால் நகர்த்துவது ஃபான்டும் பிரவுசரும் சேர்ந்து செய்கிற வேலை. சோதித்துப் பார்க்க எச்டிஎம்எல் கோப்பில் கொ என்று எழுதிப் பாருங்கள். ‘கொ’ வர வேண்டும். ெகா என்று எழுதினால், பார்வைக்கு ஒழுங்கான வரிசை போலத் தோன்றினாலும், கொம்புக்குப் பக்கத்தில் வட்டம் முளைக்கும், கால் மட்டும் ககரத்தோடு ஒட்டி ‘கா’ ஆகும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாத குறிகள். வேர்டிலிருந்தும் பிடிஎஃப்பிலிருந்தும் ஒட்டும்போது 8203, 8204, 8205 எண்ணுள்ள அகலமில்லாத குறிகள் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். அந்த இடத்தில் கர்சரை வைத்து அம்பு விசையைத் தட்டுங்கள். நகர்ந்தது போலவே தெரியாமல் ஒரு தட்டு வீணானால் அங்கே ஒன்று ஒளிந்திருக்கிறது. சொல்லை முழுதாக அழித்து அடிப்பதுதான் சுருக்கு வழி.

ஒரு பிரவுசரில் மட்டும் பிரிகிறது என்றால் பக்கத்தோடு இறங்கும் வலைஃபான்டைச் சந்தேகியுங்கள். அளவைக் குறைக்க ஃபான்டைக் கத்தரிப்பவர்கள் எழுத்து உருவங்களை வைத்துக்கொண்டு, கூட்டெழுத்து விதிகள் இருக்கும் அட்டவணையை விட்டுவிடுவார்கள். பைஎஃப்டிசப்செட் கருவி என்றால் ‘லேஅவுட்-ஃபீச்சர்ஸ்’ விருப்பத்துக்கு நட்சத்திரக் குறி (*) கொடுத்து எல்லா விதிகளையும் காப்பாற்றுங்கள். யூனிகோடு-ரேஞ்சில் தமிழ்ப் பகுதியோடு, அகலமில்லா இணைப்பிகள் இரண்டு, புள்ளி வட்டம், ரூபாய்க் குறி நான்கையும் சேருங்கள்.

தமிழ் தலைப்புக்கு ‘லெட்டர்-ஸ்பேசிங்’ போடவே வேண்டாம். ‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் நமக்கு ஒரே எழுத்து, யூனிகோடு எழுத்தெல்லைக் கணக்கில் க் + ஷ, ஸ் + ரீ என்று இரண்டிரண்டு. அதனால் ஃபான்டையும் பிரவுசரையும் பொறுத்து தக்ஷிணாமூர்த்தி நடுவில் பிளந்து நிற்பார். முதலெழுத்தைப் பெரிதாக்கும் ‘ஃபர்ஸ்ட்-லெட்டர்’ அலங்காரத்திலும் இதே வம்பு.

தலையோ காலோ வெட்டுப்பட்டால்

தமிழ்த் தளங்களில் அன்றாடம் கண்ணில் படுவது இந்தக் கோளாறுதான். கீழ்வேளூர் ‘கழவேளர்’ மாதிரி ஆகிவிடுகிறது, அர்த்தமே மாறுகிறது. யாரும் இதைக் கோளாறு என்று புகார் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டை இது. 16 பிக்சல் எழுத்துக்கு லைன்-ஹைட் 1.2 என்றால் ஒரு வரிக்கு 19.2 பிக்சல். மேல்விலங்குக்கும் ஊகாரச் சுழிக்கும் அதில் இடம் இல்லை. 1.6 கொடுத்தால் 25.6 பிக்சல், மூச்சுவிட முடியும். நீண்ட கட்டுரைகளுக்கு 1.7 அல்லது 1.8 கண்ணுக்கு இதம். ‘24 பிக்சல்’ என்று அலகோடு எழுதாமல் வெறும் எண்ணாக எழுதுங்கள்; தலைப்புகளின் அளவு கூடும்போது வரி உயரமும் தானே கூடும்.

“விண்டோஸில் சரி, மேக்கில் மட்டும் வெட்டுகிறது” என்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு ஃபான்டுக்குள்ளும் ஏற்ற இறக்க அளவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணைகளில் எழுதப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் ஒன்றைப் படிக்கிறது, மேக் இன்னொன்றைப் படிக்கிறது. இரண்டிலும் ஒரே எண் இல்லாத ஃபான்ட் என்றால் லைன்-ஹைட்டை ‘நார்மல்’ என்று விட்ட பக்கம் கணினிக்குக் கணினி வேறுபடும்.

அடுத்து பொத்தான்களும் மெனுப் பட்டைகளும். ‘ஹைட் 30 பிக்சல், ஓவர்ஃப்ளோ ஹிடன்’ என்று இருந்தால் அங்கேதான் கத்தரி விழுகிறது. ஹைட்டை எடுத்துவிட்டு ‘மின்-ஹைட்’ வையுங்கள், மேலும் கீழும் 6 முதல் 8 பிக்சல் பேடிங் கொடுங்கள். படிவப் பெட்டிகளில் குரோம் தானாக 13.33 பிக்சல் எழுத்தை எடுத்துக்கொள்ளும், பக்கத்தின் ஃபான்டைப் பின்பற்றாது. தமிழ் அங்கே எறும்பு மாதிரித் தெரியும். இன்புட், செலக்ட், பட்டன் எல்லாவற்றுக்கும் ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

ஒன்றில் கனமாக, இன்னொன்றில் மெலிதாகத் தெரிந்தால்

பக்கத்தில் ஏரியல், சான்ஸ்-செரிஃப் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஏரியலில் தமிழ் கிடையாது. பிரவுசர் தன் விருப்பப்படி ஒன்றை எடுக்கும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். மூன்றுக்கும் கனமும் அகலமும் வேறு. எது வந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. குரோமில் எழுத்தின்மேல் வலச்சொடுக்கு, இன்ஸ்பெக்ட், கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் ‘ரெண்டர்ட் ஃபான்ட்ஸ்’ என்று ஃபான்டின் பெயரும் எத்தனை எழுத்துருவம் என்ற எண்ணும் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இன்ஸ்பெக்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ தாவல்.

எங்கும் ஒரே தோற்றம் வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காடமரன், மீரா இனிமை போன்ற ஒன்றைப் பக்கத்தோடு அனுப்பி, எச்டிஎம்எல் தொடக்கத்தில் மொழியைத் தமிழ் என்று அறிவியுங்கள். ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்’ மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஃபான்ட் இறங்கும் வரை சுமார் 3 விநாடி பக்கம் வெறுமையாக நிற்கும். வேதாரண்யம் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்தில் படிப்பவர் பக்கத்தை மூடிவிடுவார்.

போல்ட் வடிவம் இல்லாத ஃபான்டுக்கு போல்ட் கொடுத்தால் பிரவுசர் தானே மையைப் பூசும், சுழிகள் அடைந்துபோகும். தமிழில் சாய்வெழுத்தும் இப்படி வலிந்து சாய்ப்பதுதான். இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

எழுத்தோரம் மங்கலாகவோ நிறம் கசிந்தோ இருந்தால் முதலில் கண்ட்ரோல் + 0. அந்தத் தளத்துக்கு மட்டும் 90 சதவீத ஜூம் எப்போதோ வைத்தது நினைவில் இருக்கும். தீராவிட்டால் விண்டோஸின் கிளியர்டைப் ட்யூனர். அதன்பிறகு குரோம் சிஸ்டம் அமைப்பில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

சொல் திரைக்கு வெளியே ஓடினால்

‘விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு’ என்ற சொல் சின்னப் போனில் ஒரு வரியில் அடங்காது. ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்டு’ போடுங்கள். ‘வேர்டு-பிரேக்: பிரேக்-ஆல்’ வேண்டாம், அது நன்றாக அடங்குகிற சொல்லையும் கண்ட இடத்தில் வெட்டும். தலைப்பு போல முக்கியமான இடத்தில், நீங்கள் விரும்பும் இடத்தில் மட்டும் சொல் பிரிய ­ இட்டுவிடலாம். போனில் இருபுறம் சமன் செய்யும் ‘ஜஸ்டிஃபை’ வேண்டாம்; நீண்ட சொற்களுக்கு நடுவே ஓடை ஓடும்.

பார்வைக்குச் சரி, கண்ட்ரோல் + எஃப் தேடினால் கிடைக்கவில்லை என்றால்

ஒரே தோற்றம், வேறு வேறு எண்கள். ‘கௌதமேஸ்வரர்’ என்பதை ‘கெ’ அடித்து அதன் பின்னால் ளகரம் அடித்தாலும் கண்ணுக்கு அதே சொல்தான். ஆனால் சரியானது கௌ, தவறானது கெள. ‘ஔ’வையும் ‘ஒ’வும் ‘ள’வுமாக அடிப்பவர்கள் ஏராளம்.

ஸ்ரீ இன்னும் நுட்பமானது. ஸ்ரீ என்றும் அடிக்கலாம், ஶ்ரீ என்றும் அடிக்கலாம். முன்னதில் ஸ, பின்னதில் 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ. புதிய ஃபான்டுகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீவாஞ்சியத்தை ஒருவர் ஒரு முறையில் அடித்து, தேடுபவர் மறு முறையில் அடித்தால் பக்கம் இருந்தும் கிடைக்காது. தளத்துக்கு ஒரு முறை என்று முடிவெடுத்து, பழையவற்றையும் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ போட்டு ஒன்றாக்குங்கள். கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த ‘கொ’வை யூனிகோடின் ‘என்எஃப்சி’ இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு எண் வரிசைகளை ஒன்றாக்கும் முறை) தானே சேர்த்துவிடும். ளகரப் பிழையையும் ஸ்ரீயையும் அது தொடாது, கையால்தான் மாற்ற வேண்டும்.

திரையில் சரி, பிரிண்டில் உடைந்தால்

பிரவுசரின் பிரிண்ட் பெட்டியில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ கொடுத்து, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். பிடிஎஃப்பில் சரியாக இருந்தால் குற்றம் பிரிண்டர் டிரைவருடையது. பிடிஎஃப் மென்பொருளின் பிரிண்ட் அமைப்பில் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ தேர்ந்தெடுத்து எடுங்கள். ரசீது போடும் சின்ன தெர்மல் பிரிண்டர் பலவற்றுக்குள் தமிழ் எழுத்தே இருக்காது. அதற்கு ரசீதைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் பெயரும் தொகையும் தெளிவாக விழ, எழுத்தளவை ஒரு படி கூட்டி வையுங்கள்.